எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டும் நார்மல், ரத்தம் மட்டும் போகிறது: மெக்கல் பையாக இருக்குமா?

வடக்குச்சாளரம்

தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 29. வேறு நோய் எதுவும் கிடையாது. சில மாதங்களுக்கு முன்னால் திடீரென்று மலத்தோடு ரத்தம் போனது. வலி துளியும் இல்லை, தானாகவே நின்றும் விட்டது. மூலம் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். போன மாதம் மறுபடியும். இந்தத் தடவை கழிவறையிலிருந்து வெளியே வந்தவன் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். ஹீமோகுளோபின் 7.1. ரத்தம் ஏற்றினார்கள்.

வாய்வழி எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில், பெருங்குடலில் பழைய ரத்தம் கிடக்கிறது, கசியும் இடம் தெரியவில்லை, சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் ரத்தம் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த மருத்துவர், "சிறுகுடலில் பிறவியிலேயே துருத்திக்கொண்டிருக்கிற மெக்கல் பையாக இருக்கலாம்" என்று ஒரு ஸ்கேன் எழுதினார். அதுவும் நெகட்டிவ்.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. "எல்லாம் நார்மல்னு வந்தாச்சு, விடு" என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. பிறவிக் கோளாறு என்றால் 29 வருஷம் சும்மா இருந்தது எப்படி? ஸ்கேன் நெகட்டிவ் என்றால் மெக்கல் இல்லை என்றே அர்த்தமா?

ஓரக்கண்

இந்த வயதில் ரத்தம் போனால் பெரும்பாலும் மூலம்தான். இத்தனை டெஸ்ட் எடுத்தும் ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இணையத்தில் தேடினால் தலைவலிக்கும் மூளைக்கட்டி என்றுதான் வரும்.

நாலாம்_மேசை

குடல் அறுவை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நேரில் பார்க்காத நோயாளி, அதனால் பொதுவாகத்தான் பேச முடியும்.

ஓரக்கண் சார், மூலத்து ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். மலத்தின் மேல் ஒட்டிக்கொண்டோ, கடைசியில் சொட்டுச் சொட்டாகவோ வரும். மலத்தோடு கலந்து செங்கல் நிறத்தில், கருஞ்சிவப்பாக வருவது மேலேயிருந்து பயணப்பட்டு வருகிற ரத்தம். (வடக்குச்சாளரம், நிறத்தை நீங்கள் சொல்லவில்லை. தம்பியிடம் கேளுங்கள்.) மூலத்தாலும் நாள்பட ரத்தசோகை வரும். ஒரே நாளில் ஆள் சரிந்து உட்காருகிற அளவுக்குப் போவது அபூர்வம்.

இந்த ரிப்போர்ட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது சிறுகுடலின் கடைசியில் ரத்தம் என்ற வரி. பெருங்குடல் ரத்தம் கொஞ்சம் பின்னோக்கி ஏறுவதும் உண்டு, ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் தேட வேண்டிய இடத்தை அது காட்டுகிறது. வாய்வழிக் குழாய் முன்சிறுகுடலோடு நின்றுவிடும். கீழிருந்து போகிற குழாய் சிறுகுடலின் கடைசி சில சென்டிமீட்டரைத்தான் எட்டிப் பார்க்கும். நடுவில் மீட்டர் கணக்கில் இருக்கிற சிறுகுடலை உங்கள் தம்பிக்கு இதுவரை யாருமே பார்க்கவில்லை. "எல்லாம் நார்மல்" என்று அப்பா சொல்வது பார்த்த இடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இனி மெக்கல். கரு உருவாகிற ஆரம்ப வாரங்களில் குடலுக்கும் மஞ்சட்கருப் பைக்கும் இடையே ஒரு குழாய் இருக்கும். கருவுக்கு ஊட்டம் தரும் பொறுப்பை நஞ்சுக்கொடி எடுத்துக்கொண்டதும், ஏழெட்டாவது வாரத்துக்குள் அது சுருங்கி மறைந்துவிட வேண்டும். சிலருக்குக் குடல் பக்கத்து முனை மட்டும் மறையாமல் ஒரு விரல்போல நீட்டிக்கொண்டு நின்றுவிடும். 1598-லேயே ஃபேப்ரிசியஸ் ஹில்டானஸ் இதைப் பார்த்து எழுதிவிட்டார். கருக்குழாயின் மிச்சம்தான் இது என்று 1809-ல் விளக்கியவர் யோஹான் ஃப்ரெட்ரிக் மெக்கல் என்ற ஜெர்மன் உடற்கூற்று அறிஞர். பெயர் அவருக்குப் போய்விட்டது.

மருத்துவ மாணவர்கள் இதை இரண்டு இரண்டாக மனப்பாடம் செய்வார்கள்: நூற்றில் 2 பேருக்கு இருக்கும், சிறுகுடல் முடிகிற இடத்திலிருந்து சுமார் 2 அடி தள்ளி இருக்கும், 2 அங்குல நீளம், தொந்தரவு 2 வயதுக்குள். கடைசி 2-தான் பெரியவர்களுக்கு எதிரி. "இது குழந்தைகள் கேஸ்" என்று மனதில் பதிந்துபோவதால் 29 வயதுக்காரரிடம் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

ரத்தம் ஏன் வருகிறது என்றால், சிலருடைய பையின் உட்சுவரில் இரைப்பையின் திசு குடியேறியிருக்கும். அது தன் வழக்கப்படி ஆசிட் சுரக்கும். இரைப்பைக்கு ஆசிட்டைத் தாங்கும் காப்பு உண்டு, பக்கத்தில் இருக்கிற சிறுகுடலுக்குக் கிடையாது. பையின் கழுத்திலோ எதிர்ச்சுவரிலோ புண் விழும். அந்தப் புண் ஒரு ரத்தக்குழாயை அரிக்கிற அன்றைக்குத்தான் வெளியே தெரியும். 29 வருஷம் சும்மா இருந்ததா என்பதே சந்தேகம்தான், கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. பெரியவர்களில் மெக்கல் பை அதிகம் செய்வது குடல் அடைப்பும் அழற்சியும். ரத்தக்கசிவு அதற்குப் பின்னால்தான் வரும், ஆனால் வரும்.

ஓரக்கண்

நூற்றில் இரண்டு பேர் என்றால் ஏகப்பட்ட பேருக்கு இருக்க வேண்டுமே. ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லையே?

நாலாம்_மேசை

இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் முழு ஆயுளும் வாழ்ந்து முடிக்கிறார்கள். அதனால்தான் கேள்விப்படவில்லை.

காமா_அறை

இரண்டாவது கேள்வி என் துறை. அணுமருத்துவப் பிரிவில் இந்த ஸ்கேனை எடுப்பவள் நான்.

டெக்னீசியம்-99எம் பெர்டெக்னெடேட் என்ற கதிரியக்க மருந்தை நரம்பில் செலுத்துகிறோம். இரைப்பைத் திசு எங்கே இருந்தாலும் அது போய்ச் சேரும். முதலில் இரைப்பை ஒளிரும். சற்று நேரத்தில் வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு, இரைப்பை ஒளிர்கிற அதே வேகத்தில் தானும் ஒளிர்ந்தால் பாசிட்டிவ். ஆக, இந்த ஸ்கேன் மெக்கல் பையைத் தேடுவதே இல்லை. பைக்குள் இருக்கிற இரைப்பைத் திசுவைத்தான் தேடுகிறது. ரத்தம் எங்கே கசிகிறது என்பதும் இதற்குத் தெரியாது. அதற்குச் சிவப்பணுக்களில் மருந்தை ஏற்றிச் செய்கிற வேறு ஸ்கேன் இருக்கிறது.

குழந்தைகளில் இது நூற்றுக்கு 85, 90 கேஸ்களைப் பிடித்துவிடும். பெரியவர்களில் அது சுமார் 60-க்கு இறங்கிவிடுகிறது. திசு கொஞ்சமாக இருந்தாலோ, ரத்தப்போக்கு மருந்தைக் கழுவிக்கொண்டு போனாலோ, மூத்திரப்பை நிரம்பி அதன் ஒளி பொட்டை மறைத்தாலோ தவறிப்போகும். பெரியவர்களில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம் (அதிலும் பொய்ப் பாசிட்டிவ் உண்டு, பின்னால் சொல்கிறேன்). நெகட்டிவ் வந்தால் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

தம்பிக்கு ஸ்கேனுக்கு முன்னால் அமிலம் குறைக்கிற ஹெச்2 தடுப்பு மாத்திரை ஏதாவது கொடுத்தார்களா? ஃபாமோடிடின் மாதிரி?

வடக்குச்சாளரம்

நிறம் கேட்டேன். "செங்கல்லை ஊறவைத்த தண்ணீர் மாதிரி, கட்டி கட்டியாகவும்" என்றான். முன்கூட்டி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வரச்சொன்னார்கள், அவ்வளவுதான்.

காமா_அறை

அந்த மாத்திரை ஆசிட் சுரப்பைக் குறைக்கும்போது மருந்தும் திசுவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பொட்டு அழுத்தமாகத் தெரியும். முன்னேற்பாட்டோடு மறுபடி எடுத்ததில் நெகட்டிவ் பாசிட்டிவ் ஆன கேஸ்கள் உண்டு. கதிர்வீச்சை நினைத்துப் பயப்பட வேண்டாம், டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான். திரும்ப எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் இதையே பிடித்துத் தொங்கவும் வேண்டாம், வேறு வழிகளும் இருக்கின்றன.

பொய்ப் பாசிட்டிவ் பற்றி: பிறவியிலேயே குடலை ஒட்டி இன்னொரு குழாயோ நீர்க்கட்டியோ உருவாகியிருப்பதைக் குடல் இரட்டிப்பு என்பார்கள். அதிலும் இரைப்பைத் திசு இருக்கலாம், அதுவும் ஒளிரும். ஆனால் அதுவே ரத்தம் கசிய வைக்கிற கோளாறுதான், கண்டுபிடித்தால் லாபமே.

மணல்கடிகாரம்

நோயாளி பக்கத்திலிருந்து ஒரு குரல். எனக்குச் சிவப்பாக எதுவும் போனதே இல்லை. வருஷக்கணக்கில் இரும்புச்சத்துக் குறைவு மட்டும்தான். மாத்திரை சாப்பிட்டால் ஏறும், நிறுத்தினால் இறங்கும். பெண் என்பதால் பார்க்கிறவர்கள் எல்லாரும் மாதவிடாய்க் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஒருவர்கூட மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான சோதனை எழுதவில்லை. ஒரு மருத்துவமனையில் மனஅழுத்தம் என்றுகூடச் சொன்னார்கள். மாடிப்படி ஏறினால் காதுக்குள் நாடித் துடிப்பு கேட்கும், அதற்கு மனஅழுத்தம் என்ன செய்யும்?

கடைசியில் ஒரு மருத்துவர் கேப்சூல் எண்டோஸ்கோபி செய்யச் சொன்னார். பெரிய வைட்டமின் மாத்திரை அளவு இருக்கும், உள்ளே கேமராவும் விளக்கும். இடுப்பில் ஒரு பெல்ட், அதில் படங்களைப் பதிகிற பெட்டி. விழுங்கிவிட்டு அன்றைக்கு முழுக்க நம் வேலையைப் பார்க்கலாம். பிறகு மருத்துவர் திரையில் காட்டினார். ஆயிரக்கணக்கான படங்களில் ஒரே சுரங்கப்பாதை ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய். ஒன்று குடல், இன்னொன்று பையின் வாசல். நடுவில் இருக்கிற விளிம்பில் வெள்ளைப் படிவத்தோடு ஒரு புண். கேமரா அந்த இடத்தைக் கடந்தது சில படங்களில்தான். அந்தப் படங்கள் மங்கலாக இருந்திருந்தால் எனக்கும் "நார்மல்" என்றே எழுதியிருப்பார்கள்.

நிழல்படம்

கதிரியக்கப் படம் படிக்கிறவன். ரத்தக்குழாய்க்குள் சாயம் ஏற்றி எடுக்கிற சிடி ஆஞ்சியோ பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நேரம்தான் எல்லாம்.

ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் கசிவு தெரியும். நிமிடத்துக்கு சுமார் 0.3 முதல் 0.5 மில்லி ரத்தம் கசிந்தாலே சிடி ஆஞ்சியோவில் பார்த்துவிடலாம். நின்ற பிறகு வந்தால் அழகான, பயனற்ற படம்தான் கிடைக்கும். மறுபடி ரத்தம் கண்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வீட்டில் இருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஏற்கெனவே இரண்டு பக்கமும் பார்த்தாகிவிட்டது, சிறுகுடலைச் சந்தேகிக்கிறார்கள் என்று போனவுடனே சொல்லுங்கள். இல்லாவிட்டால் மறுபடி எண்டோஸ்கோபியிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ரத்தம் நின்றிருக்கும்போது எடுக்க சிடி என்டரோகிராஃபி இருக்கிறது. குடலைத் திரவத்தால் நிரப்பி விரித்து எடுப்பது. சாதாரண சிடியில் மெக்கல் பை இன்னொரு குடல் மடிப்பு மாதிரியே தெரியும், எளிதில் கண்ணைத் தப்பிவிடும். "மெக்கல் சந்தேகம்" என்று சீட்டில் எழுதியிருந்தால் நாங்கள் படிக்கிற விதமே வேறு. மேல்குடல் தமனியிலிருந்து கிளையே விடாமல் நீளமாக ஒரு குழாய் அந்த மடிப்புக்குப் போகிறதா என்று தேடுவோம். கருவில் மஞ்சட்கருப் பைக்கு ரத்தம் கொண்டுபோன தமனியின் மிச்சம் அது. அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஓரக்கண்

சரி, மூலம் என்ற வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லாரும் மெக்கல் மெக்கல் என்று ஒரே பக்கம் சாய்கிறீர்களே. வேறு எதுவாகவும் இருக்கக் கூடாதா?

நாலாம்_மேசை

நல்ல கேள்வி. தாராளமாக இருக்கலாம். நாற்பது வயதுக்குள் சிறுகுடல் ரத்தக்கசிவு என்றால் மெக்கலோடு கிரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), சிறுகுடல் கட்டிகள், பாலிப் என்கிற சவ்வு வளர்ச்சிகள், டியூலாஃபோய் புண் எல்லாம் பட்டியலில் வரும். டியூலாஃபோயில் புண் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. அளவுக்கு மீறித் தடித்த ஒரு தமனி உட்சவ்வுக்கு நேர் அடியில் ஓடும், ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். நாற்பதுக்கு மேல் என்றால் வயதோடு வரும் ரத்தநாளப் புடைப்புகள் முதலிடத்துக்கு வரும், அவை பிறவிக் கோளாறு அல்ல. எந்த வயதிலும் வலிமாத்திரை உண்டு. ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் வகையறா சிறுகுடலிலும் புண் போடும். தம்பி முதுகுவலி, முட்டிவலி என்று ஏதாவது சாப்பிடுகிறாரா என்று முதலில் விசாரியுங்கள். நிறையப் பேர் அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பிறவிக் கோளாறுகளிலும் மெக்கல் தவிர மற்றவை உண்டு. குடல் இரட்டிப்பைக் காமா_அறை சொல்லிவிட்டார். குடல் சரியாகச் சுழன்று அமராதவர்களுக்குப் பெரியவரான பின்னும் குடல் முறுக்கிக்கொள்ளலாம். அங்கே ரத்தம் வருவது குடல் ரத்தமின்றிச் சாகத் தொடங்கியதன் அடையாளம், கூடவே கடும் வலி இருக்கும். அது மணிக்கணக்கில் தீர்க்க வேண்டிய அவசரம். உங்கள் தம்பிக்கு வலியே இல்லை என்பதால் அது பொருந்தவில்லை. ரத்தநாளக் கோளாறுகள் இன்னொரு குடும்பம். அடிக்கடி மூக்கில் ரத்தம், உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் பொட்டுகள், வீட்டில் வேறு யாருக்காவது அதே மாதிரி என்றால் பரம்பரை ரத்தநாள விரிவு நோயை நினைக்க வேண்டும். தோலில் நீல நிறத்தில், அமுக்கினால் அமுங்கி மறுபடி எழும்புகிற மென்மையான புடைப்புகள் இருந்தால் அதே புடைப்புகள் குடலுக்குள்ளும் இருக்கக்கூடும், அதற்கு நீல ரப்பர்க் கொப்புள நோய்க்குறி என்று பெயர். இவற்றுக்கு ஸ்கேனுக்கு முன் ஒரு டார்ச் விளக்கும் பொறுமையான ஒரு ஆளும் போதும்.

மட்டுறுத்துநர்

இழையைப் படிக்கிறவர்களுக்கு: ரத்தம் போகும்போது நிற்கையில் தலை சுற்றினாலோ, நாடி நூற்றுக்கு மேல் ஓடினாலோ, வேர்த்துச் சில்லிட்டாலோ இங்கே பதில் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸ். ரத்தம் போன முதல் சில மணி நேரத்தில் எடுத்த ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தால் ஏமாறவும் வேண்டாம், அது மெதுவாகத்தான் இறங்கிக் காட்டும்.

வடக்குச்சாளரம்

எல்லாருக்கும் நன்றி. வலிமாத்திரை எதுவும் கிடையாது, மூக்கில் ரத்தமும் இல்லை. முன்னேற்பாட்டோடு மறு ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருந்தோம். அதற்குள் மறுபடி ரத்தம். நிழல்படம் சொன்னபடி உறையைத் தூக்கிக்கொண்டு நேராக அவசரப் பிரிவு. அன்று இரவே சிடி ஆஞ்சியோ. சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் ஒரு மடிப்புக்குள் சாயம் கசிவது தெரிந்தது. அந்த நீளமான தமனியும்.

லேப்பராஸ்கோபியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். மெக்கல் பைதான். பயாப்ஸியில் இரைப்பைத் திசு இருந்தது. புண் பைக்குள் இல்லை, எதிரே குடல் சுவரில் இருந்ததாம். ஒரே ஒரு சந்தேகம். பையை மட்டும் வெட்டாமல் குடலிலும் ஒரு துண்டை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அது தேவைதானா?

நாலாம்_மேசை

நல்ல செய்தி. உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பயாப்ஸியிலேயே இருக்கிறது. புண் எதிர்ச்சுவரில். பையின் அடியில் ஸ்டேப்ளர் வைத்து வெட்டியிருந்தால் பை போயிருக்கும், ரத்தம் கசிந்த புண் உள்ளேயே தங்கியிருக்கும். ஆசிட் நின்றால் புண் ஆறிவிடும், பையை மட்டும் எடுத்தாலே போதும் என்று சொல்கிற அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்து நன்றாக இருக்கிற நோயாளிகளும் உண்டு. ரத்தம் கசிந்த கேஸ் என்றால் நான் துண்டை எடுப்பவன். பையின் அடி அகலமாக இருந்தாலோ, இரைப்பைத் திசு கழுத்துவரை இறங்கியிருந்தாலோ கேள்வியே இல்லை.

பி12 பற்றி அடுத்துக் கேட்பீர்கள். அதை உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதிதான். ஆனால் பற்றாக்குறை வருவது 60 சென்டிமீட்டருக்கு மேல் எடுத்தவர்களுக்கு. இங்கே போனது விரல் நீளத் துண்டு.

வெறும்வாசகன்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டும். எனக்கு 36 வயது, ஆண். குடல்வால் ஆபரேஷனின்போது தற்செயலாக மெக்கல் பையைப் பார்த்தார்களாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "மெக்கல் பை காணப்பட்டது, அப்படியே விடப்பட்டது" என்று ஒரு வரி. தொந்தரவு எதுவும் இல்லை. இந்த இழையைப் படித்ததிலிருந்து தூக்கம் போச்சு. போய் எடுத்துவிடலாமா?

பழைய_கத்தி

எடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. வயிறு திறந்திருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது, பத்து நிமிட வேலை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1950 முதல் 2002 வரை பார்த்த 1,476 மெக்கல் நோயாளிகளை அலசி 2005-ல் வெளியிட்டார்கள். வயது 50-க்குக் கீழ், ஆண், பையின் நீளம் 2 சென்டிமீட்டருக்கு மேல், உள்ளே வேறு திசு இருப்பது. இந்த நான்கில் எது இருந்தாலும் எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றார்கள். உங்களுக்கு இரண்டு கணக்கில் வந்துவிட்டது. புற்றுநோய் வேறு இருக்கிறது: சிறுகுடலின் அந்தப் பகுதியில் மற்ற இடங்களைவிட மெக்கல் பையில் புற்றுநோய் வரும் ஆபத்து 70 மடங்கு என்று 2011-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது.

நாலாம்_மேசை

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் 70 மடங்கை இப்படித் தனியாகச் சொன்னால் இவர் இன்றைக்கும் தூங்க மாட்டார். எதன் 70 மடங்கு? அதே ஆய்வில் மெக்கல் புற்றுநோய் ஆண்டுக்கு ஒரு கோடிப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ என்ற அளவுதான்.

2008-ல் வந்த தொகுப்பாய்வு எதிர்ப்பக்கம் பேசியது. தற்செயலாகக் கண்ட பையை எடுத்தவர்களில் 5.3 சதவீதத்தினருக்கு அறுவைக்குப் பின் சிக்கல், விட்டவர்களில் 1.3. ஒரு மரணத்தைத் தடுக்க 758 பேருக்குப் பை நீக்க வேண்டும் என்று கணக்குக் காட்டினார்கள். நீங்கள் "பத்து நிமிட வேலை" என்பது வெட்டுகிற நேரம். தையல் கசிந்தால் ஆகிற நாட்களை அதில் சேர்க்கவில்லை.

பழைய_கத்தி

அந்தத் தொகுப்பாய்வில் சேர்ந்த அறுவைகள் பலவும் லேப்பராஸ்கோபியும் நல்ல ஸ்டேப்ளரும் பரவலாவதற்கு முந்தியவை. இன்றைய கையோடு அதை ஒப்பிடக் கூடாது. மின்னசோட்டாவில் ஓல்ம்ஸ்டெட் கவுண்டி மக்களை வைத்து 1994-ல் செய்த கணக்கில், மெக்கல் இருப்பவருக்கு 80 வயதுக்குள் அறுவை தேவைப்படும் சிக்கல் வர 6.4 சதவீத வாய்ப்பு. அது சின்ன எண் இல்லை. அடைப்போடு நள்ளிரவில் வருகிறவருக்குச் செய்வதையும், அமைதியாக இருக்கும்போது செய்வதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நாலாம்_மேசை

1976-ல் வந்த கணக்கு 4.2 சதவீதம் என்றது, அதுவும் வயது ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும். 6.4-ஐயே எடுத்துக்கொள்வோம். நூற்றில் 93 பேருக்கு மேல் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நாம் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்று நினைக்கிறேன். வயிறு ஏற்கெனவே திறந்திருக்கும்போது, இளைஞர், பை நீளம், கையில் தொட்டால் தடிப்பு தட்டுகிறது என்றால் நானும் எடுப்பேன். வெறும்வாசகன் கேட்பது அதை அல்ல. மூடிய வயிற்றை இதற்கென்று மறுபடி திறக்கலாமா என்று கேட்கிறார்.

பழைய_கத்தி

அதற்கு நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வெறும்வாசகன்

இரண்டு பேரும் ஒரு இடத்தில் ஒத்துப்போனதே பெரிய விஷயம் :) அப்படியானால் நான் என்னதான் செய்வது?

பழைய_கத்தி

சம்மரியில் ஒரு வரிதான் இருக்கும். மருத்துவமனையில் அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பையின் நீளம், அடி அகலமா குறுகலா, தொப்புளோடு நார்போல ஒட்டியிருந்ததா என்று அதில் எழுதியிருக்கலாம். நார் இருந்தால் கதை மாறும், குடல் அதைச் சுற்றி முறுக்கிக்கொள்ள இடம் உண்டு. அப்போது ஒரு அறுவை மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நார் இல்லையென்றால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். என்றைக்காவது வயிற்றுவலியோடோ ரத்தத்தோடோ போனால் முதல் வாக்கியமாக "எனக்கு மெக்கல் பை இருக்கிறது" என்று சொல்லுங்கள். மணல்கடிகாரம் வருஷக்கணக்கில் அலைந்ததை நீங்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவீர்கள். வலிமாத்திரையைக் கைபோன போக்கில் விழுங்காதீர்கள், அது எல்லாருக்கும் பொருந்தும்.

மணல்கடிகாரம்

வடக்குச்சாளரம், ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. தம்பிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். மலம் கறுப்பாகப் போகும், மறுபடி ரத்தமோ என்று எனக்குக் குலை நடுங்கியது. அது மாத்திரையின் நிறம். கறுப்போடு தார் மாதிரிப் பிசுபிசுப்பும் தாங்க முடியாத நாற்றமும் சேர்ந்தால்தான் ரத்தம். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று மாத்திரையை உடனே நிறுத்திவிடாதீர்கள். ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, நிரம்ப இன்னும் சில மாதங்கள் ஆகும்.

வடக்குச்சாளரம்

ஆமாம், கறுப்பாகத்தான் போகிறது என்று நேற்று பதறிப்போய்ச் சொன்னான். நல்லவேளை சொன்னீர்கள். அப்பாவின் கேள்வி ஒன்று பாக்கி: இது பரம்பரையா, தம்பிக்குக் குழந்தை பிறந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா, எனக்கும் எடுக்க வேண்டுமா?

நாலாம்_மேசை

ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருந்ததாகச் சில பதிவுகள் உண்டு. ஆனால் பொதுவாக இது பெற்றோரிடமிருந்து இறங்கி வருகிற நோய் அல்ல. தொந்தரவு இல்லாதவருக்கு ஸ்கேன் தேவையில்லை, உங்களுக்கும் சரி, பிறக்கப்போகிற குழந்தைக்கும் சரி. குழந்தைக்கு எப்போதாவது வலியில்லாமல் ரத்தம் போனால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் இந்தச் சங்கதியைச் சொல்லுங்கள்.